வீட்டு வைஃபைக்கு எத்தனை எழுத்தில் கடவுச்சொல் வேண்டும்?

விடை மட்டும் போதும் என்பவர்களுக்கு: குருட்டாம்போக்கில் பொறுக்கிய பதினாறு சின்ன ஆங்கில எழுத்துகள். பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு எதுவும் தேவையில்லை. அது பிடிக்காவிட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்கள். கூடவே, பொத்தானை அழுத்தினால் சாமான்களைச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ் என்ற வசதியை ரவுட்டரில் நிறுத்திவிடுங்கள். எட்டு எழுத்து ஏன் போதாது, அந்தப் பதினாறை எப்படிப் பொறுக்குவது, மாற்றும்போது எங்கே சிக்கும் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை மூன்று தடவை பிழையாக அழுத்தினால் அட்டை முடங்கிவிடும். வைஃபையிலும் அப்படியொரு காவல் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் பலர் எட்டு எழுத்தோடு நிம்மதியாக இருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. காரணம் இதுதான்: கடவுச்சொல்லை உடைப்பவர் உங்கள் ரவுட்டரிடம் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பதில்லை.

உங்கள் போன் வைஃபையோடு சேரும் ஒவ்வொரு முறையும் போனும் ரவுட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றில் கடவுச்சொல் நேரடியாகப் போவதில்லை. ஆனால் சரியான கடவுச்சொல் தெரிந்தால் மட்டுமே உருவாக்கக்கூடிய ஒரு சரிபார்ப்புக் குறி போகிறது. அது காற்றில் போவதால் மாடிப்படியில் நிற்பவரும் வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தியிருப்பவரும் அதைப் பிடித்துச் சேமிக்கலாம். யாராவது சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். போலித் துண்டிப்புச் செய்தி ஒன்றை அனுப்பினால் போன் அறுபட்டு, அடுத்த நொடியே தானாகத் திரும்பச் சேரும். 2018இல் வெளிவந்த பிஎம்கேஐடி முறையில், பல ரவுட்டர்களிடம் அதற்கு ஈடான தகவலை எந்தப் போனும் இணைந்திராத நேரத்திலேயே வாங்கிவிடலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நெருக்கமான மாடிக் குடியிருப்பில் இருப்பவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து இருபது வீடுகளுடையதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்த்ததை அவர் தன் கணினியில் போட்டு, ஒவ்வொரு கடவுச்சொல்லாகக் கணக்கிட்டு, அந்தக் குறி பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே போவார். உங்கள் ரவுட்டருக்கு இது தெரியவே தெரியாது. எத்தனை தடவை பிழைத்தாலும் தடுக்க ஆளில்லை. இப்படிப்பட்ட நிலையில் உங்களுக்கும் அவருக்கும் இடையே நிற்பது கடவுச்சொல்லை ஊகிக்க எடுக்கும் நேரம் மட்டுமே.

கணக்கு

இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூ.பி.ஏ.2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறை, ஊகித்துப் பார்க்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. கடவுச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்த பிறகுதான் சாவி கிடைக்கும். அப்படியிருந்தும் என்விடியா ஆர்.ரி.எக்ஸ் 4090 போன்ற ஒரு விளையாட்டுக் கணினியின் கிராபிக்ஸ் அட்டை ஒரு நொடிக்குச் சுமார் 25 இலட்சம் கடவுச்சொற்களைச் சோதித்துவிடும். கீழே வரும் நேரங்கள் எல்லாம் அந்த ஒரு அட்டை முழுப் பட்டியலையும் முடிக்க எடுக்கும் நேரம். சராசரியாக அதில் பாதியிலேயே அகப்பட்டுவிடும். அட்டைகளை மணிக்கணக்கில் வாடகைக்கும் எடுக்கலாம் என்பதால், நூறு அட்டை வைத்திருப்பவரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள்: 40 நொடி. பத்து இலக்கம் என்றால் ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் எட்டு இடம் கொண்ட கடவுச்சொல் இருந்து, அதில் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் மட்டுமே வந்தால் அரை மணித்தியாலம்கூட எடுக்காது. பார்ப்பதற்கு மிகச் சிக்கலாகத் தெரிவதால் அதை மாற்றாமல் விடுபவர்கள் அதிகம். உங்கள் ரவுட்டரைத் திருப்பி ஒரு தடவை பாருங்கள்.

எட்டுச் சின்ன எழுத்துகள் 23 மணித்தியாலம் தாங்கும். எட்டு இடத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம் மூன்றையும் கலந்தால் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. நூறு அட்டைக்கு அது பத்து நாள் வேலை. விசைப்பலகையிலுள்ள எல்லாக் குறியீடுகளையும் சேர்த்து 95 வகையிலிருந்தும் எட்டு இடத்தை நிரப்பினால் 84 ஆண்டு. நூறு அட்டைக்குப் பத்து மாதம்.

இப்போது குறியீடுகளை எல்லாம் விட்டுவிட்டு, சின்ன எழுத்துகளிலேயே நீளத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். பத்து எழுத்துக்கு ஏறக்குறைய 1.8 ஆண்டு. பன்னிரண்டுக்கு 1200 ஆண்டு. பதினாறுக்கு 55 கோடி ஆண்டு. நூறு அட்டை வைத்திருந்தாலும் 55 இலட்சம். கூட்டும் ஒவ்வொரு எழுத்தும் உடைப்பவரின் வேலையை 26 மடங்காக்குகிறது. எட்டு இடத்தில் எல்லாக் குறியீடுகளையும் திணித்து நீங்கள் பெறும் பலத்தை விட, நான்கு சின்ன எழுத்துகளை வாலில் கூட்டிப் பெறும் பலம் ஏறத்தாழ 14 மடங்கு அதிகம். தொலைக்காட்சியின் ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி அழுத்த வேண்டியவருக்கு இது பெரிய ஆறுதல்: பெரிய எழுத்துப் பக்கத்துக்கும் குறியீட்டுப் பக்கத்துக்கும் தாவ வேண்டியதில்லை.

எட்டுக்குக் குறைவாக ரவுட்டர் ஏற்காது, 63க்கு மேலும் ஏற்காது. எட்டு என்பது ஆகக் குறைந்த எல்லைதான். அது பாதுகாப்பான அளவு என்று யாரும் சொன்னதில்லை.

நீளமாக இருந்தும் பலவீனமானவை

மேலே சொன்ன கணக்கு எல்லாம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: எழுத்துகள் எந்த ஒழுங்குமின்றிப் பொறுக்கப்பட்டிருக்க வேண்டும். நம் வீடுகளில் உண்மையில் இருக்கும் கடவுச்சொற்கள் அப்படியானவை அல்ல.

கைபேசி இலக்கத்தை எடுங்கள். பத்து இடம் என்பதால் நீளமாகத்தான் தெரிகிறது. ஆனால் இலங்கைக் கைபேசி இலக்கம் 07இல் தொடங்கும்; மூன்றாவது இலக்கமாக வருபவை எட்டே எட்டு. ஆகவே மொத்த வாய்ப்பு 8 கோடி, 32 நொடி. குருட்டாம்போக்கில் எடுத்த எட்டு இலக்கத்தை விடவும் இது பலவீனம். பழைய அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு 500 கூட்டப்பட்டிருக்கும்), பிறகு நான்கு இலக்கம், கடைசியில் வி அல்லது எக்ஸ். எல்லாவற்றையும் முயன்று முடிக்கப் பத்து நிமிடம் போதும்.

பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் இன்னும் மோசம். ஐயாயிரம் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து விதமான எழுத்துக்கூட்டல், நூறு ஆண்டுகள் என்று வைத்தாலும் 50 இலட்சம்தான், இரண்டு நொடி. இடையில் ஏ என்ற எழுத்துக்குப் பதில் அட் குறி போடுவதும், கடைசியில் 123 சேர்ப்பதும் உடைக்கும் மென்பொருள்கள் முதலிலேயே முயன்று பார்க்கும் மாற்றங்கள். வீதிப் பெயர், கோயில் பெயர், படித்த பாடசாலையின் பெயர் எல்லாமே இந்தப் பட்டியலில் அடங்கும்.

மனப்பாடமான செய்யுள் வரியையோ திரைப்பாட்டின் முதலடியையோ ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது எழுத்து வருவதால் உடைக்கவே முடியாது என்று தோன்றும். திருக்குறளில் இருப்பது 1330 குறள். குறளுக்கு இரண்டு அடி, அடிக்கு ஆயிரம் விதமான எழுத்துக்கூட்டல் என்று தாராளமாகக் கொடுத்தாலும் சுமார் 27 இலட்சம். ஒரு நொடிக்குச் சற்றுக் கூட. ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்ட ஒரு தொடர் எவ்வளவு நீளமாக இருந்தாலும், உடைப்பவருக்கு அது பட்டியலில் ஒரு வரி மட்டும்தான்.

பதினாறு எழுத்தைப் பொறுக்கும் விதம்

மனதில் தோன்றுவதை அடித்தால் அது குருட்டாம்போக்கு ஆகாது. விரல் பழகிய இடத்துக்கே போகும். கடவுச்சொல் காப்பு மென்பொருள் ஏதாவது பாவிப்பவர்கள் அதிலேயே 16 சின்ன எழுத்து என்று தெரிவுசெய்து உருவாக்கலாம். அது இல்லாதவர்களுக்கு லூடோ பெட்டியிலுள்ள ஒரு தாயக்கட்டையும் ஒரு நாணயமும் போதும்.

ஆங்கிலத்தின் 26 எழுத்தில் எல், ஓ இரண்டையும் விட்டுவிடுங்கள். சில திரைகளில் எல் ஒன்றைப் போலவும் ஓ பூச்சியத்தைப் போலவும் தெரிந்து வீண் குழப்பம் வரும். மீதி 24ஐயும் ஒரு தாளில் நான்கு வரியாக, வரிக்கு ஆறாகச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். முதல் வரி ஏ முதல் எஃப் வரை. இரண்டாவது ஜீ முதல் எம் வரை, எல் இல்லாமல். மூன்றாவது என் முதல் ரீ வரை, ஓ இல்லாமல். நான்காவது யூ முதல் இசட் வரை. நாணயத்தை இரண்டு தடவை சுண்டுங்கள்: தலை தலை என்றால் முதல் வரி, தலை பூ இரண்டாவது, பூ தலை மூன்றாவது, பூ பூ நான்காவது. பிறகு தாயத்தை உருட்டுங்கள்; விழும் எண்தான் அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பது. பூ தலை விழுந்து தாயத்தில் ஐந்து வந்தால் மூன்றாம் வரியின் ஐந்தாவது எழுத்தான எஸ்.

இப்படிப் பதினாறு தடவை. பிடிக்காத எழுத்து வந்தது, ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தது என்பதற்காக மாற்றி உருட்ட வேண்டாம். உங்கள் விருப்பம் உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் கணக்குப் பலவீனமாகும். எல், ஓ இரண்டையும் விட்டதால் 55 கோடி ஆண்டு 15 கோடி ஆண்டாகக் குறைகிறது. அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. எழுதும்போது நான்கு நான்காகப் பிரித்து எழுதினால் வாசித்துச் சொல்லவும் அடிக்கவும் இலகு. ரவுட்டரில் போடும்போது இடைவெளி இல்லாமல் சேர்த்துப் போடுங்கள்.

சொற்களாக வேண்டுமென்றால்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், வருபவர்களுக்கு வாயால் சொல்ல வேண்டியிருந்தால் சொற்கள் வசதி. வைஃபை கடவுச்சொல்லில் தமிழ் எழுத்துப் போட முடியாது. ஆங்கில விசைப்பலகையின் 95 குறிகள் மட்டுமே செல்லும். ஆகவே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தேங்காய், பழம், ஞாயிறு போன்ற சொற்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நெடில் வந்தால் உயிரெழுத்து ஒன்றா இரண்டா, ழகரத்துக்கு என்ன போடுவது, தகரத்துக்கு எச் சேர்ப்பதா என்று நீங்கள் சொல்லும்போதே எதிரில் இருப்பவர் வேறு விதமாக அடித்திருப்பார்.

குறில் மட்டுமே வரும், எல்லோரும் ஒரே விதமாக எழுதும் சொற்களாகத் தேருங்கள்: மரம், வயல், மணல், கடல், நரி, உரல், முயல், குடம், அணில், கரண்டி. இந்தப் பத்தையே அப்படியே எடுத்துவிடாதீர்கள். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, போனில் ஒரு குருட்டு இலக்கத்தை எடுத்துப் பக்கத்தையும் இன்னொன்றால் வரியையும் தீர்மானித்து, அங்கிருந்து கீழே வரும் முதல் பொருத்தமான பெயர்ச்சொல்லை எழுதுங்கள். ஆறு சொல் சேரும்வரை தொடருங்கள். வந்த ஒழுங்கை மாற்றி வசனமாக்க வேண்டாம்.

ஏன் ஆறு? சொல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தால், நான்கு சொல் நாலரை நாளில் போய்விடும். ஐந்து சொல் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். நூறு அட்டைக்கு ஒன்றரை மாதம். ஆறு சொல் 12,000 ஆண்டுக்கு மேல். நூறு அட்டைக்கும் 120 ஆண்டுக்கு மேல். சொற்களுக்கு இடையில் சிறு கோடு போடலாம். அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, காற்புள்ளி, மேற்கோள் குறி, பின்சாய்வுக் கோடு ஆகியவற்றைத் தவிருங்கள். கியூஆர் குறியாக மாற்றும்போது சில செயலிகள் அவற்றைப் பிழையாகக் கையாளும்.

மாற்றும் நாள்

முதலில் புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வைஃபையில் இருக்கும் சாமான்களின் பட்டியல் ஒன்று: போன்கள், மடிக்கணினிகள் நினைவுக்கு வரும், தொலைக்காட்சி, சிசிடிவி கமரா, பிரின்டர், கூரையிலுள்ள சோலார் இன்வேர்ட்டர் மறந்துபோகும். சோலாரின் வைஃபை அறுந்தால் மின் உற்பத்தி நிற்காது, ஆனால் செயலியில் கணக்கு வருவது நின்றுவிடும். மாதக் கடைசியில்தான் அது கண்ணில் படும்.

முடிந்தால் மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணையுங்கள். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1, சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. சரியான முகவரியும் உள்நுழையும் பெயரும் அடியிலுள்ள தாளில் இருக்கும். பிரவுசர் பாதுகாப்பற்ற தளம் என்று எச்சரிக்கும். உங்கள் வீட்டு ரவுட்டரின் பக்கத்துக்கு அது வழமைதான், தொடரலாம்.

வயர்லெஸ் அல்லது டபிள்யூலான் என்ற பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு பக்கங்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பழைய எட்டு எழுத்தோடு விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 ஏஇஎஸ் அல்லது அதற்கு மேலானதைத் தெரிவுசெய்யுங்கள். டபிள்யூ.இ.பி என்ற பழைய முறை இருந்தால் எவ்வளவு நீளமான கடவுச்சொல்லும் பயனில்லை. அது நிமிடக்கணக்கில் உடைவது, கடவுச்சொல்லை ஊகிக்க வேண்டிய அவசியமே அதில் இல்லை. ரிகேஐபி என்ற பழைய குறியாக்கம் கலந்த தெரிவுகளையும் விட்டுவிடுங்கள்.

வைஃபையின் பெயரையும் அதே நேரத்தில் மாற்றுவது நல்லது. சாவியை அரைக்கும்போது பெயரும் சேர்க்கப்படுவதால், தொழிற்சாலையில் வைத்த பொதுப் பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் இருக்கின்றன. வேறு எவரும் வைக்காத ஒரு பெயர் அந்தப் பட்டியல்களைச் செல்லாததாக்கும். வீட்டு இலக்கம், குடும்பப் பெயர் வேண்டாம்.

சேமித்த உடனே எல்லாச் சாமானும் அறுபடும். திரும்பச் சேர்க்கும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்றுதான். போனின் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். வட்ஸ்அப்பில் இருந்து பிரதி எடுத்தால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். பெயரை மாற்றாமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் சாமான் பழையதையே திரும்பத் திரும்ப முயலும். அந்த வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். மலிவான கமராக்கள் பல 2.4இல் மட்டுமே வேலை செய்யும். அவற்றைச் சேர்க்கும்போது போனும் அதே அலைவரிசையில் இருக்க வேண்டும்.

பின்னறைக்கு ரிப்பீட்டர் வைத்திருந்தால் அதன் பக்கத்தையும் தனியாகத் திறந்து பாருங்கள். சில ரிப்பீட்டர்கள் தமக்கென்று வேறு பெயரும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லும் வைத்திருக்கும். முன்வாசலுக்குப் பதினாறு எழுத்துப் பூட்டும் பின்வாசலுக்குக் கொக்கியுமாக இருந்து பயனில்லை.

எங்காவது தடுமாறினால் அவசரப்பட்டு ரவுட்டரின் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்ய வேண்டாம். ஃபைபர் ரவுட்டர்களில் அது இணைய நிறுவனம் போட்ட அமைப்புகளையும் அழித்துவிடக்கூடும். பிறகு இணையமும் இல்லை, அதில் மாட்டிய வீட்டுத் தொலைபேசியும் இல்லை. கேபிளை மாட்டினால் வைஃபை கடவுச்சொல் இல்லாமலே அமைப்புப் பக்கத்துக்குப் போகலாம். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் வேறு. அதுவும் தொழிற்சாலை வைத்ததாக இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

நீளத்தைச் செல்லாக்காசாக்கும் டபிள்யூ.பி.எஸ்

பொத்தானை அழுத்தினால் சாமான் சேரும் இந்த வசதியில் எட்டு இலக்க இரகசிய எண் ஒன்று ஒளிந்திருக்கிறது. கடைசி இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. மீதியையும் ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்க்கும்: முதல் நான்கு சரியா, அடுத்த மூன்று சரியா என்று. ஆகவே 10,000உம் 1,000உம் சேர்த்து 11,000 தடவை முயன்றால் போதும். 2011இல் இந்த ஓட்டை வெளியானது. அந்த எண் கிடைத்ததும் ரவுட்டரே உங்கள் 63 எழுத்துக் கடவுச்சொல்லையும் எடுத்துக் கொடுத்துவிடும். பின்னர் வந்த ரவுட்டர்கள் பல தடவை பிழைத்தால் பூட்டிக்கொள்கின்றன, ஆனாலும் வைத்திருக்கக் காரணம் இல்லை. வயர்லெஸ் பகுதியிலேயே நிறுத்தும் தெரிவு இருக்கும்.

டபிள்யூ.பி.ஏ.3 உள்ள ரவுட்டர் வாங்கினால் நிலைமை மாறும். 2018இல் அறிவிக்கப்பட்ட அந்த முறையில் காற்றில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வர வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வேறெங்கோ புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் இது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் பழைய சாமான்களுக்காக இரண்டும் கலந்த முறையில் வைத்தால், டபிள்யூ.பி.ஏ.2இல் சேரும் பழைய தொலைக்காட்சி ஒன்றின் பரிமாற்றத்தைப் பிடித்தாலே பழைய கதைதான். கலப்பு முறை இருக்கும்வரை பதினாறை விடாதீர்கள்.

அனெக்ஸில் ஆள் இருந்தால்

அனெக்ஸை வாடகைக்கு விட்டு இணையத்தையும் பகிரும் வீடுகள் தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் நிறைய. டபிள்யூ.பி.ஏ.2இல் கடவுச்சொல் தெரிந்த ஒருவர், மற்றவர்களின் சாமான்கள் சேரும்போது நடக்கும் பரிமாற்றத்தையும் பிடித்தால், அவர்களின் வைஃபைப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். வங்கித் தளங்களுக்கு அவற்றின் சொந்தக் குறியாக்கம் இருப்பதால் அங்கே அடிக்கும் கடவுச்சொல் தெரியாது. ஆனால் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். கியூஆர் குறியாகக் காட்டினால் கடவுச்சொல் மறைவாக இருக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. அந்தக் குறிக்குள் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே அனெக்ஸுக்கும் வருபவர்களுக்கும் ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பைத் திறந்து, அதற்கு வேறொரு பதினாறு எழுத்தைக் கொடுங்கள். விருந்தினர்கள் வீட்டுச் சாமான்களை அணுகுவதைத் தடுக்கும் தெரிவும் அங்கேயே இருக்கும், அதை இயக்குங்கள். சில மாதிரிகளில் வேகத்துக்கும் எல்லை வைக்கலாம். மாத டேட்டா அளவோடு பொதி எடுத்தவர்களுக்கு அது கைகொடுக்கும். பதினாறு எழுத்தை மாதாமாதம் மாற்றத் தேவையில்லை. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது விருந்தினர் கடவுச்சொல்லை மட்டும் புதிதாக உருட்டினால் போதும். உங்கள் தொலைக்காட்சியையும் கமராவையும் தொட வேண்டி வராது.